உருளைக்கிழங்கு மசியல்: வீட்டு ராத்திரி விருந்துக்கு அழகாகச் செய்து பரிமாற முழு வழிகாட்டி

உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் பாலும் சேர்க்க எல்லோருக்கும் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்கிற ராத்திரி அதையே பார்க்க அழகாக வைக்க வேண்டும் என்றால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கேரட்டில் பூ செதுக்குகிறார்கள், தக்காளித் தோலில் ரோஜா சுற்றுகிறார்கள், கொத்தமல்லியை அள்ளித் தூவுகிறார்கள். தட்டு கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மசியல் நீர் விட்டு, பூவெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

மசியலின் அழகில் முக்கால்வாசி அடுப்படியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கிழங்கில் எவ்வளவு ஈரம் தங்கியது, எந்தச் சூட்டில் மசித்தீர்கள், வெண்ணெயையும் பாலையும் எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். அது சரியாக அமைந்தால் மேலே ஒரு கரண்டி நெய்யும் ஒரு மோர்மிளகாயும் போதும். அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எல்லா அளவும் 6 பேருக்கு, 1 கிலோ கிழங்குக்கு.

1. முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, தட்டில் எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். வடிவத்துக்கு வடிவம் பதம் மாறும். பாலை ஊற்றிய பிறகு முடிவு செய்தால் திரும்ப எடுக்க முடியாது.

நம் வீடுகளில் இருக்கிற சாமானை வைத்து மூன்று வடிவம் நன்றாக வரும்.

கரண்டி முதுகால் வளைத்து இழுத்த தட்டை வடிவம். இதற்கு மசியல் இளக்கமாக இருக்க வேண்டும். பால் 200 முதல் 250 மில்லி வரை பிடிக்கும்.

கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த வடிவம். இதற்குக் கெட்டிப் பதம் வேண்டும். பால் 75 மில்லி, அதிகம் போனால் 100.

அச்சில் பிழிந்த வடிவம். இரண்டுக்கும் நடுவான பதம். பால் 100 முதல் 125 மில்லி.

வெண்ணெய் மூன்றுக்குமே 100 கிராம்தான். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் கரண்டி முதுகு முறையைத்தான் சொல்வேன். பதம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அது காட்டிக்கொடுக்காது.

2. கிழங்கு வாங்கும்போது

உருளைக்கிழங்கு நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலில் விளைவது இல்லை. தாராசுரம் காய்கறி மார்க்கெட்டானாலும் தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டானாலும் லாரியில் வந்து இறங்குவதுதான். மலையிலிருந்து வரும் சரக்கும் வடக்கேயிருந்து வரும் சரக்கும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருக்கும். செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஊட்டிக் கிழங்கு என்று நம்பிவிடாதீர்கள். மண்ணைப் பூசி விற்பதும் நடக்கிறது.

தோலைப் பாருங்கள். கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வந்தால் அது இளங்கிழங்கு. அதில் ஈரம் அதிகம், மாவுச்சத்து குறைவு. பொரியலுக்கும் குருமாவுக்கும் அருமையாக இருக்கும், மசியலுக்கு ஆகாது. தோல் தடித்து, காய்ந்து, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிற முற்றிய கிழங்குதான் உதிர்ந்து மசியும். நறுக்கினால் கத்தியில் வெள்ளையாகப் பால்போல் படியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சின்னக் கிண்ணத்தால் 11 கிண்ணம் தண்ணீர், அதே கிண்ணத்தால் 1 கிண்ணம் தூள் உப்பு. நன்றாகக் கரைத்து, கழுவிய கிழங்கை அதில் போடுங்கள். மாவுச்சத்து நிறைந்த கிழங்கு கனமாக இருப்பதால் அடியில் உட்காரும். ஈரக்கிழங்கு மிதக்கும். உட்கார்ந்ததை மசியலுக்கு வையுங்கள், மிதந்ததை நாளைக்குப் பொரியலுக்கு வையுங்கள்.

வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, மசியல் தித்திக்கும். காற்றோட்டமான இருட்டு மூலையில், கூடையில் கிடக்கட்டும். பச்சை ஓடிய இடத்தையும் முளையையும் ஆழமாகச் செதுக்கி எறிந்துவிடுங்கள். கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் அதைச் சமைக்கவே வேண்டாம்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

முற்றிய உருளைக்கிழங்கு 1 கிலோ. உப்புப் போடாத வெண்ணெய் 100 கிராம். காய்ச்சிய கெட்டிப் பால் 250 மில்லி. தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன். வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளை மிளகு கிடைக்கும்.

மேலே போட: நெய் உருக்க இன்னும் 50 கிராம் வெண்ணெய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அல்லது கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் 10, மோர்மிளகாய் ஆளுக்கு ஒன்று.

சாமான்: இட்லிப் பானை, இடியாப்ப அச்சு, அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், மரக்கரண்டி.

வெண்ணெயின் நிறத்தைக் கவனியுங்கள். எருமைப்பால் வெண்ணெய் வெளுப்பாக இருக்கும், அதில் மசியல் வெள்ளைவெளேரென்று வரும். பசு வெண்ணெயும் கடையில் விற்கும் மஞ்சள் பாக்கெட் வெண்ணெயும் தந்த நிறம் கொடுக்கும். இரண்டுமே அழகுதான். உப்புப் போட்ட வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் பாலில் சேர்க்கும் உப்பைப் பாதியாக்கி, கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

கருமிளகை மசியலுக்குள் போடாதீர்கள். பரிமாறும்போது மேலே ஒன்றிரண்டாக உடைத்துத் தூவினால் எடுப்பாக இருக்கும். உள்ளே கலந்தால் தூசி விழுந்த மாதிரி தெரியும்.

இரும்புச் சட்டி வேண்டாம். கிழங்கில் இருக்கும் ஒரு அமிலம் இரும்போடு சேர்ந்தால் சாம்பல் நிறம் ஏறும். வெள்ளை மசியலில் அது மறையவே மறையாது.

4. மேல் அலங்காரத்தை முதலில் செய்து முடியுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் தவறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். மசியல் தயாரான பிறகு வெங்காயம் வதக்க ஆரம்பிக்கிறார்கள். அது சிவக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் மசியல் ஆறி இறுகி, கரண்டி பட்டால் வெடிப்பு விடும். ஆகவே கிழங்கைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்து மூடி வையுங்கள்.

முருங்கைக்கீரை நெய்: வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். முதலில் நுரைத்துச் சடசடக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகி, வாசனை தூக்கும்போது அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் கீரை. உருவி, கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்திய இலையைப் போட்டால் படபடவென்று பொரிந்து, சில விநாடியில் மொறுமொறுப்பாகிவிடும். கரண்டியால் அரித்து எடுத்துத் தனியாக வையுங்கள். ஈர இலையைப் போட்டால் மேலே தெறிக்கும், இலையும் துவண்டு கிடக்கும்.

அடியில் தங்கிய பொன்னிறக் கசண்டை வடிகட்டி எறிய வேண்டாம். அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மசியலின் நடுவில் அரை ஸ்பூன் வைத்தால் அந்த வாசனைக்கு வேறு எதுவும் ஈடாகாது.

ராத்திரியில் கீரை சேர்க்காத வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. பெரியவர்கள் சாப்பிட உட்காரும் பந்தியில் அதைச் சங்கடமாக்க வேண்டாம். கீரைக்குப் பதிலாகக் கறிவேப்பிலையை அதே மாதிரி பொரித்துக்கொள்ளுங்கள். முழு இலையாகவே இருக்கட்டும்.

சின்ன வெங்காயம்: மெல்லிய வளையமாக நறுக்கி, சிறு தீயில் நெய்யில் வதக்குங்கள். நீங்கள் நினைக்கிற நிறத்துக்குக் கொஞ்சம் முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே இன்னும் சிவக்கும்.

மோர்மிளகாய்: எண்ணெயில் கருஞ்சிவப்பாகப் பொரித்து எடுங்கள். வெள்ளை மசியல் மேல் ஒரு மோர்மிளகாயைச் சாய்த்து வைத்தால் தட்டே எழுந்து நிற்கும். குழந்தைகள் தட்டுக்கு மட்டும் வைக்காதீர்கள்.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் குவிக்க வேண்டாம். ஒரு இலை, ஒரு மிளகாய் போதும். வெங்காயம் போட்டால் மற்றதை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பரப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் மேலே வைத்தது எடுபடும்.

5. வேகவைப்பது

தோல் சீவி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்குங்கள். அளவு மாறினால் சிறியது குழையும்போது பெரியதின் நடு நறுக்கென்று இருக்கும். அந்த நறுக்குதான் பிறகு கட்டியாக வந்து நிற்கும்.

நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் காற்றுப் பட்டுக் கறுக்கும். தண்ணீரை இரண்டு முறை மாற்றி அலசுங்கள். வெட்டிய பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாவு போய்விடும். அது இருந்தால் மசியல் பிசுபிசுக்கும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு, இட்லித் தட்டில் துண்டுகளைப் பரப்பி மூடுங்கள். 20 முதல் 25 நிமிஷம் ஆகும். ஆவியில் வேகும்போது கிழங்கு தண்ணீரைக் குடிக்காது. விருந்துக்கு நான் இந்த முறையைத்தான் கையாள்கிறேன்.

தண்ணீரில் வேகவைக்கிறவர்கள் பச்சைத் தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே சூடு போய்ச் சேர்வதற்குள் வெளிப்பக்கம் கரைந்துவிடும். கல் உப்பும் முதலிலேயே போடலாம். அப்படியென்றால் பிறகு பாலில் சேர்க்கும் உப்பைக் குறையுங்கள்.

குக்கர்தான் வசதி என்றால், தோலோடு முழுக் கிழங்காக, அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டு வைத்து, அந்தத் தட்டில் வையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு 4 விசில். ஆவி அடங்கியதும் உடனே திறந்து எடுங்கள். மூடியபடி விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் தோல் வெடித்து உள்ளே நீர் ஏறும்.

வெந்ததா என்று பார்க்கக் கத்தி நுனியைக் குத்தித் தூக்குங்கள். துண்டு தானாக வழுக்கி விழ வேண்டும். கத்தியோடு மேலே வந்தால் இன்னும் மூன்று நிமிஷம். வேகாததைப் பிறகு மசித்துச் சரிசெய்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முடியாது.

6. ஈரத்தை விரட்டுங்கள்

வெந்த துண்டுகளை அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, மிகச் சிறிய தீயில் இரண்டு நிமிஷம் வையுங்கள். மரக்கரண்டியால் கிளறாமல், பாத்திரத்தையே லேசாகக் குலுக்குங்கள். ஆவி பறக்கும். ஓரங்கள் மங்கலாகி, மேலே மாவு பூத்த மாதிரி ஆகும். பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்ட ஆரம்பித்தால் போதும், இறக்கிவிடலாம்.

இந்தப் படியைச் செய்யாமல் விடுகிறவர்களின் மசியல்தான் தட்டில் நீர் வளையம் விடுகிறது. ஈரம் வெளியேறிய இடத்தில்தான் வெண்ணெயும் பாலும் போய் உட்கார முடியும்.

7. இடியாப்ப அச்சில் பிழியுங்கள்

மிக்ஸியைத் தயவுசெய்து தொடாதீர்கள். கிழங்கின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் வெந்து ஊதிய மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. மிக்ஸிப் பிளேடு அத்தனையையும் கிழித்து மாவை வெளியே கொட்டிவிடும். போஸ்டர் ஒட்டுகிற பசைதான் மிஞ்சும். என் அண்ணன் மகள் ஒரு தடவை போனில், “அத்தை, நல்லா நைஸா வரட்டும்னு ரெண்டு சுத்துதான் விட்டேன், கரண்டியத் தூக்குனா நூலா இழுக்குது” என்றாள். இரண்டு சுற்றே போதும், அந்த வேலை முடிந்துவிடும்.

நம் வீட்டில் இருக்கிற இடியாப்ப அச்சு இதற்கென்றே செய்த மாதிரி அமைந்துவிட்டது. கிழங்கை அரைக்காமல், நசுக்காமல், ஓட்டை வழியாக ஒரே ஒரு தடவை தள்ளிவிடுகிறது. உயிரணு உடையாமல் பிரிகிறது, கட்டி மேலேயே நின்றுவிடுகிறது.

அச்சின் உட்புறம் நெய் தடவுங்கள். ஓமப்பொடி வில்லை வேண்டாம், கை வலிக்கும். இடியாப்ப வில்லை சரி. அதுவும் கடினமாக இருந்தால் தேன்குழல் வில்லையில் ஒரு முறை பிழிந்து, பிறகு இடியாப்ப வில்லையில் பிழியலாம். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். கிழங்கு கை பொறுக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே பிழியுங்கள், துணியால் அச்சைப் பிடித்துக்கொள்ளலாம். ஆறிய கிழங்கு முரண்டு பிடிக்கும், அழுத்த அழுத்தப் பிசுபிசுப்பும் ஏறும். மணிக்கட்டில் பலம் இல்லாதவர்களுக்குத் திருகு அச்சு நல்லது.

அச்சு இல்லாத வீட்டில் கீரை மத்தால் மேலிருந்து கீழாக மட்டும் குத்தி, பிறகு ரவை சலிக்கும் எவர்சில்வர் சல்லடையில் கரண்டி முதுகால் அழுத்தித் தள்ளுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நைஸாக வரும்.

பிழிந்ததில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

8. வெண்ணெய் முதலில், பால் பிறகு

பிழிந்த கிழங்கு சூடாக இருக்கும்போதே வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு மரக்கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். வெண்ணெய் உருகி மாவின் மேல் படிந்துகொண்டால், பிறகு பால் சேரும்போது மாவு அளவுக்கு மீறிக் குடித்துப் பிசுபிசுக்காது. பாலை முதலில் ஊற்றினால் இந்தக் காப்பு கிடைக்காது.

பாலைக் கொதிக்கவிட்டு, ஆடையை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு உப்பையும் வெள்ளை மிளகுத்தூளையும் அதில் கரையுங்கள். கொதிக்கும் பாலில் உப்புப் போட்டால், பால் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் திரிந்துவிடலாம். உப்பைப் பாலில் கரைக்கச் சொல்வதற்குக் காரணம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சேரும். கிழங்கின் மேல் தூவினால் சேர்வதற்காகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதிகக் கிளறல் மசியலுக்கு எதிரி.

பாலை மூன்று தடவையாக ஊற்றுங்கள். சூடாகத்தான் ஊற்ற வேண்டும். நீங்கள் முடிவு செய்த வடிவத்துக்கான அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் பால் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்.

பதம் பார்க்க ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டை வடிவத்துக்கு மெதுவாக நழுவ வேண்டும். அச்சில் பிழிய, கரண்டியில் நின்று, தட்டினால் விழ வேண்டும். கிண்ணத்தில் கவிழ்க்க, தட்டினாலும் யோசித்துத்தான் விழ வேண்டும்.

மீனும் பாலும் ஒரே இலையில் கூடாது என்கிற வீட்டில், இறாலோ மீனோ வைக்கிற நாளில், பாலுக்குப் பதில் முதல் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், ஆனால் பாதி அளவு போதும். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்குங்கள், கொதித்தால் பிரிந்துவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து முற்றிய தேங்காயில் எடுத்த பால் அவ்வளவு கெட்டியாக இருக்கும். பால் சேர்த்த மசியலைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும்.

9. தட்டில் வைப்பது

எவர்சில்வர் தட்டு சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். பரிமாறுவதற்குச் சற்று முன் தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் இது கட்டாயம். குளிர்ந்த தட்டில் நெய் உறைந்து வெள்ளைத் திட்டாகும். கூடத்தில் ஃபேன் ஓடினால், மசியலுக்கு நேர் மேலே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டால் மேலே தோல் கட்டி மினுமினுப்பு போய்விடும்.

கரண்டி முதுகால் இழுப்பது: இரண்டு கரண்டி மசியலைத் தட்டின் ஒரு பக்கத்தில் வையுங்கள். குழிக்கரண்டியின் முதுகை வெந்நீரில் நனைத்து, மசியலின் நடுவில் லேசாக அழுத்தி, பிறை வடிவமாக ஒரே இழுப்பில் இழுத்து நிறுத்துங்கள். இரண்டாவது தடவை தொடாதீர்கள். தொடத் தொட அது சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். அந்தப் பள்ளத்தில் ஒரு ஸ்பூன் நெய்யை ஓடவிட்டு, ஓரத்தில் பொரித்த இலை இரண்டு வையுங்கள். அவ்வளவுதான்.

கிண்ணத்தில் கவிழ்ப்பது: இதற்குக் காபி டபரா அருமையான அச்சு. வாய் அகலம், அடி குறுகல், கவிழ்த்தால் வழுக்கி வந்துவிடும். உள்ளே நெய் தடவி, வாழையிலையில் வட்டமாக வெட்டிய ஒரு துண்டை அடியில் போடுங்கள். இலையை முதலில் அடுப்புத் தணலில் வாட்டிக்கொள்ள வேண்டும், வாட்டாத இலை கிழியும். மசியலை நிரப்பி, டபராவைத் துணி மேல் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இதைத் தட்டாமல் விட்டால் கவிழ்த்த பிறகு பக்கவாட்டில் குழி குழியாகத் தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்து, தட்டை மேலே வைத்து மூடி, இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். டபராவை நேராக மேலே தூக்கி, இலையை உரித்து எடுங்கள். மேல்பக்கம் வழவழவென்று இருக்கும், இலை வாசனையும் ஏறியிருக்கும்.

அச்சில் பிழிவது: அச்சைக் கழுவித் துடைத்து, ஒற்றை நட்சத்திர ஓட்டை உள்ள முள்ளு முறுக்கு வில்லையைப் போடுங்கள். தட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் பிடித்து, கையை அசைக்காமல் இன்னொருவரைத் தட்டைச் சுற்றச் சொல்லுங்கள். வரி வரியாக விழுந்து சுருள் அழகாக வரும். கையைச் சுற்றினால் கோடு தடுமாறும். மசியலில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் நட்சத்திரத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் 7-வது படியில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

ஜாங்கிரி பிழியும் துணி வீட்டில் இருந்தால் அதுவும் ஆகும். காஜா எடுத்த ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டு மசியலைப் போட்டால் ஒட்டாது. உளுந்து வாசனை ஏறிய பழைய துணி வேண்டாம், புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

10. கூட வைக்கிற குழம்பு

வெள்ளை மசியலுக்குப் பக்கத்தில் மணத்தக்காளி வத்தக்குழம்பு. நல்லெண்ணெய் மேலே பிரிந்து, கருஞ்சிவப்பாகச் சுண்டியிருக்க வேண்டும். மசியல் சாதுவான ருசி, குழம்பு புளிப்பும் காரமும். வாயிலும் ஒன்றை ஒன்று தூக்கும், கண்ணுக்கும் அப்படித்தான். காலையிலேயே வைத்துவிட்டால் ராத்திரிக்கு இன்னும் ருசி கூடும், உங்களுக்கும் கடைசி நேர வேலை குறையும்.

குழம்பை மசியலின் தலையில் ஊற்றாதீர்கள். தட்டை வடிவம் என்றால் பிறையின் உட்பக்கத்தில் இரண்டு ஸ்பூன். அப்போது பள்ளத்தில் நெய் வேண்டாம். டபரா வடிவம் என்றால் சுற்றிலும் மெல்லிய வளையமாக. நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்கள் இறால் தொக்கை நடுக்குழியில் வைத்துப் பாருங்கள். தொக்கு நன்றாகச் சுண்டியிருக்க வேண்டும், நீர்த்த தொக்கு மசியலைக் கரைத்துவிடும்.

தலைவாழை இலையில் பரிமாறினால் டபரா வடிவம் ஒன்றுதான் நிற்கும். இலை தட்டையாக இருக்காது, இளக்கமான மசியல் நரம்பு வழியே ஓடிவிடும். கூட்டு வைக்கிற மேல்பாதியில் வைத்து, நடுவில் ஸ்பூன் நுனியால் சின்னக் குழி செய்து, குழம்பை அதற்குள் மட்டும் விடுங்கள். அப்பளமும் வடையும் தள்ளியே இருக்கட்டும், ஆவி பட்டால் நமத்துவிடும்.

11. வருகிறவர்கள் தாமதித்தால்

பஸ் தாமதம், ரயில் தாமதம் எல்லாம் விருந்தில் சகஜம். வடிவம் கொடுக்காமல், மசியலைப் பாத்திரத்திலேயே வைத்து, வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். மூடுகிற தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி மூடுங்கள். ஆவி நீராகி மசியலில் சொட்டாமல் துணி குடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் வரை நன்றாக இருக்கும். எடுக்கும்போது இறுகியிருந்தால் சூடான பால் ஒரு கரண்டி விட்டு மடியுங்கள்.

நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடு பண்ண வேண்டாம். அடி பிடித்த வாசனை ஒரு துளி ஏறினாலும் முழுப் பாத்திரமும் போச்சு.

12. கெட்டுப்போனால்

இளகிவிட்டது: அந்தத் தனியாக எடுத்து வைத்த கைப்பிடிக் கிழங்கை இப்போது சேருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சோள மாவு, மைதா கரைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை வாசனை போகவே போகாது, வேண்டாம்.

கட்டி தெரிகிறது: மறுபடி அச்சில் பிழியுங்கள், சூடாக இருக்கும்போதே. சேர்த்த பாலும் வெண்ணெயும் ஒன்றும் ஆகாது.

பிசுபிசுத்துவிட்டது: இது திரும்பாது. பாலும் வெண்ணெயும் விட்டு மீட்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். ரஸ்க்குத்தூள் கொஞ்சம், நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, சின்ன வட்டமாகத் தட்டி, ரவையில் புரட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக எடுங்கள். அந்த ராத்திரிக்குக் கட்லெட் வைத்ததாக இருக்கும். வந்தவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள்.

தட்டில் வைக்கும்போது உடைந்துவிட்டது: உடைந்ததை ஒட்டவைக்காமல், அதே இடத்திலேயே கரண்டி முதுகால் இழுத்துத் தட்டை வடிவமாக்கிவிடுங்கள். கெட்டியாக இருந்தால் இழுப்பதற்கு முன் சூடான பால் ஒரு ஸ்பூன் விடுங்கள்.

13. மிஞ்சினால்

பால் சேர்ந்தது, நம் ஊர் வெக்கைக்கு ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் காலையில் ஊசிப்போயிருக்கும். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கல்போல் இறுகியிருக்கும். மசியலாகவே வேண்டுமென்றால் இட்லித் தட்டில் கிண்ணத்தோடு வைத்து ஆவியில் சூடாக்கி, ஒரு கரண்டி பால் விட்டு மடித்தால் போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் சூடே பண்ண வேண்டாம். சீரகமும் மிளகாய்த்தூளும் பிசறி, சப்பாத்திக்குள் வைத்துத் தேய்த்துக் கல்லில் போடுங்கள். வெண்ணெய் உள்ளேயே இருப்பதால் மேலே எண்ணெய் அதிகம் தேவைப்படாது.